நம்பர் அண்ணனின் சிவப்பு லைனும் நான் போட்ட புண்ணாக்கும்

ஆட்டைத் திருடிப் பிறரைக் கெடுத்தவர்கள் உண்டு. நான் ஆட்டுக்குத் தீனி போட்டு ஒருவரைக் கெடுத்தவன். ஐந்து ஆடுகளுக்கு ஆறு வாரம், உடையவருக்குத் தெரியாமல், வயிறு நிறையத் தின்னக் கொடுத்தேன். அதனால் அந்த மனிதரின் பத்து வருஷ உழைப்பு கசாப்புக் கடைக்குப் போயிற்று. அவரைப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அன்று என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை.

பிடிக்காமல் போனதில் ஆச்சரியமும் இல்லை. மலாயாவில் தண்டவாளம் போட்ட நாளிலிருந்து அதன் இரு பக்கமும் எத்தனையோ மூடர்கள் குடியிருந்திருக்கிறார்கள். அவர்களில் எவரும் இவர் பக்கத்தில் நிற்க முடியாது. மற்றவர்கள் அவ்வப்போது மூடத்தனம் செய்தார்கள். இவர் அதைத் தினமும் பென்சிலால் எழுதிவைத்து, மேலதிகாரிக்குக் காட்டுவதுபோல எங்களுக்குக் காட்டினார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவருக்கு 'நம்பர்' என்று பெயர். சரக்கு வண்டித் தொடர் யார்டில் வந்து நின்றதும், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து ஒவ்வொரு வேகனின் எண்ணையும் புத்தகத்தில் பதிவது அவர் உத்தியோகம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வலது காதில் ஒரு பென்சில். அது தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று இடது காதில் இன்னொன்று. அவர் மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

"கிராணிய எனக்குத் தெரியாதா? மூவாயிரத்து நூத்திப் பதினேழு அச்சு உடைஞ்சு ஈப்போவுல நின்னுச்சே, அன்னிக்குத்தானே நீங்க வேலைக்குச் சேந்தீங்க" என்பார்.

நான் சரக்குக் கொட்டகையில் கிராணி, அதாவது குமாஸ்தா. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவன். வேகன் உடைந்த நாளோடு என்னைச் சேர்த்து வைத்திருப்பதை எப்படிப் பொறுப்பேன்?

அவருக்கு ஆடு வந்த கதையும் வேகனில்தான் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் செம்மறிகளைக் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கி, வேகனில் ஏற்றி, கோலாலம்பூர் கசாப்புக்காரர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் ஏற்றியது நாற்பது என்று சீட்டு சொன்னது, இறங்கியது நாற்பத்திரண்டு. வழியில் ஓர் ஆடு ஈன்றிருந்தது. எவனும் சிரித்துவிட்டுப் போயிருப்பான். நம்பர் மூன்று நாள் தூங்கவில்லை. குறைந்து வந்த சரக்கைப் பார்த்திருக்கிறார். ஓடும் வண்டியில் கூடிய சரக்கை அவர் பார்த்ததே இல்லை. தாய் ஆடு எலும்பும் தோலுமாக இருந்ததால் கசாப்புக்காரர் அதை வேண்டாம் என்றார். நம்பர் அதையும் இரண்டு குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஈற்றிலும் அது இரண்டு போட்டது. அதன் மகளும் இரண்டு போட்டாள். அதோடு அவர் கெட்டார்.

பத்து வருஷத்தில் அந்தத் தாய் வழியில் ஆறு பெட்டை ஆடுகள் நின்றன. அவற்றின் விலாவில் வேகனுக்கு அடிக்கும் சிவப்புச் சாயத்தால் எண் எழுதினார். அதற்கு 'மெயின் லைன்' என்று பெயர். பிற்பாடு வேறு இடத்தில் வாங்கிய ஐந்து ஆடுகள் ஈற்றுக்கு ஒன்றாகவே போட்டன. அவற்றுக்கு வெள்ளை எண். 'பிராஞ்ச் லைன்.' ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் வேகன் சீட்டு தொங்கியது. 'புறப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் தாயின் எண். 'சேருமிடம்' என்ற கட்டம் காலியாக இருக்கும். வயிற்றுப்போக்கு கண்ட ஆட்டின் கழுத்தில் 'ரிப்பேருக்கு' என்ற சீட்டு. எங்கள் துரை ஒருவர் அந்தப் பக்கம் உலாவப் போனபோது அப்படி ஓர் ஆடு எதிரே வந்து நின்றதாம். அவர் சீட்டைப் படித்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார் என்று சொல்வார்கள்.

இரட்டை போடுவது ரத்தத்தில் இருக்கிறது, தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது என்பது நம்பரின் சித்தாந்தம். "கெடாவுக்கு இதுல பங்கு இல்லையாண்ணே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கெடா இஞ்சின் மாதிரி, கிராணி. இழுத்துட்டு வரும், கழட்டிவிட்டா போயிரும். சரக்கு வேகன்லதானே இருக்கு? எந்த இஞ்சின் இழுத்துதுன்னு நான் என்னிக்காவது எழுதியிருக்கேனா?"

எழுதியதில்லை, அது வேறொருவர் வேலை. தம் புத்தகத்தில் இஞ்சினுக்குக் கட்டம் இல்லாததால் இயற்கையிலும் இஞ்சினுக்கு வேலை இல்லை என்று ஒரு மனிதர் நம்பினார். அவருடைய கெடாவின் பெயரும் இஞ்சின்தான். அதன் விலாவில் எண்கூட இல்லை.

ஆட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அவர் மனிதர்களையும் விசாரித்தார். காப்பிக் கடையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தால், குவளை வருவதற்குள் "உங்க அம்மா வழியில ரெட்டை உண்டா?" என்று கேட்டுவிடுவார். தபால்காரர் வீட்டுச் சாவில் பாடையைத் தூக்கும் நேரம். இறந்தவரின் தமக்கையிடம் போய், "இவருக்கு முன்னாடி பொறந்தது ஒத்தையா ரெட்டையா?" என்றார். அந்த அம்மாள் அழுகையை நிறுத்தி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கும்வரை பாடை தோளிலேயே நின்றது. ஒரு தோள் என்னுடையது.

என் விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் எனக்குப் பெண் கொடுக்க நினைத்து, என்னைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பியது. வந்தவர் காப்பிக் கடையில் இருந்த நம்பரிடம் விசாரித்தார். கடை முழுவதும் கேட்கும்படி நம்பர் பதில் சொன்னாராம்:

"தங்கமான ஆளு. குடி இல்ல, சீட்டு இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அம்மாவோட அம்மா ஒத்தை, அம்மா ஒத்தை, இவரும் ஒத்தை. அந்த லைனே ஒத்தை லைன். பொண்ணு வீட்டுல பாத்துக்குங்க."

வம்சம் தழைக்காது என்று அந்த வீட்டார் புரிந்துகொண்டார்கள். சம்பந்தம் நின்றது. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் நான் கிராணி இல்லை. "ஒத்தை வர்றாரு, நகந்து குந்துங்க" என்றார்கள். சுருட்டுக் கடைக்காரன் ஒரே ஒரு தீக்குச்சியை எடுத்து நீட்டி, "உங்களுக்கு இது போதும்லா" என்றான். நம்பருக்கோ தாம் ஏதோ தவறு செய்தோம் என்ற நினைப்பே இல்லை. உண்மையைத்தானே சொன்னார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு நல்ல காலம் வாசல்வரை வந்தது. கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பார் என்ற ஊரில் பெரிய தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் அவருடைய ஆடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டார். மரங்களுக்கு நடுவே புல் வீணாகிறது; இரட்டைக் குட்டி போடும் ஆடுகள் கிடைத்தால் நம்பரையே தோப்பில் குடிவைத்து மந்தையைப் பெருக்கலாம் என்பது அவர் எண்ணம். நம்பருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷங்களே இருந்தன. பெண்டாட்டி பிள்ளை இல்லை. குவார்ட்டர்ஸை விட்டதும் ஆடுகளோடு எங்கே போவது என்பது அவருக்கிருந்த ஒரே கவலை. தோப்புக்காரர் ஒரு நிபந்தனை போட்டார்.

"நான் காதால கேட்டு ஆடு வாங்குறவன் இல்லீங்க. அடுத்த ஈத்துக்கு வந்து ரெண்டு லைனையும் கண்ணால பாக்குறேன். நீங்க சொல்றபடி இருந்துச்சுன்னா தோப்பு உங்களது மாதிரி."

"புத்தகத்துல உள்ளதுதாங்க கொட்டில்லயும் இருக்கும்" என்றார் நம்பர்.

அதைக் கேட்டபோது எனக்கு ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. கிள்ளானில் மாடு வைத்திருந்த பால்காரர் ஒருவர் புண்ணாக்கு மூட்டை அனுப்பவும் எடுக்கவும் எங்கள் கொட்டகைக்கு வருவார். நம்பரின் சித்தாந்தத்தைச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லியிருந்தார்: "ரத்தமாவது ஒண்ணாவது. கெடா சேக்குறதுக்கு மூணு வாரம் முன்னாடி பிடிச்சு நல்லா தீனி போடச் சொல்லு. ஒத்தை போடுறதும் ரெட்டை போடும்."

எனக்கு விடியற்காலை வேலை. பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். நம்பர் ஆறு மணிவரை யார்டில் நடப்பார். வெள்ளை ஆடுகள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆற்றோரம், பழைய ஸ்லீப்பர் கட்டைகளில் கட்டப்பட்டு, லாலாங் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். அவர் கெடாவைச் சேர்க்கும் நாள் எல்லோருக்கும் தெரியும். கால அட்டவணைபோல முன்கூட்டியே எழுதி ஒட்டியிருப்பார். அதற்கு மூன்று வாரம் முன்பு தொடங்கி, பின்பும் மூன்று வாரம், தினம் இரண்டரை மணிக்கு நான் தேங்காய்ப் புண்ணாக்கும் ஊறவைத்த கொள்ளும் வாளியில் கொண்டுபோய் ஐந்துக்கும் வைத்தேன். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன் வாளியோடு ஆற்றங்கரையில் பதுங்கிப் போன காட்சியை நினைத்தால் இன்று எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

ஆடுகள் கொழுத்தன. நம்பர் புத்தகத்தில் 'மழை நல்லது' என்று எழுதிக்கொண்டார். தெருவில் என்னைக் கண்டால் வெள்ளை எண்கள் ஐந்தும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. நான் நடையை எட்டிப் போட்டேன். நம்பர் மட்டும் நெகிழ்ந்துபோனார்.

"பாத்தீங்களா கிராணி, அதுங்களுக்கே தெரியுது, நீங்க அதுங்க லைன்னு."

அடுத்த நாள் ஆளுக்கு ஒரு கை கூடவே போட்டேன்.

ஆடு ஈன ஐந்து மாதம். காத்திருந்தேன். ஈற்று முடிந்த வாரம் தோப்புக்காரர் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து இறங்கினார். காப்பிக் கடைக் கூட்டம் முழுவதும் கொட்டிலைச் சுற்றி நின்றது. சிவப்பு ஆறு ஆடுகளுக்குப் பத்துக் குட்டிகள். வெள்ளை ஐந்து ஆடுகளுக்கு ஒன்பது. நான்கு வருஷமாக இரட்டை என்பதையே அறியாத வெள்ளை எண்கள், ஒன்றைத் தவிர, பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டியை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன.

"என்ன நம்பரு, பிராஞ்ச் லைன்ல மெயில் வண்டி ஓடுது போல" என்றான் சுருட்டுக் கடைக்காரன்.

"சாயத்த மாத்தி அடிச்சிட்டாருலா" என்றான் இன்னொருவன்.

தோப்புக்காரர் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. அப்போ எனக்கு எதுக்கு உங்க ஆடு? கப்பல்ல வர்றதையே நாலு வாங்கி விட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்பர் வாதாடவில்லை. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எங்காவது எண் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு மூடினார். "எழுதினது சரியாத்தான் இருக்கு. நான் நெனச்சதுதான் தப்பு" என்றார்.

மறுநாள் ஒரு துணியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு விலாக்களைத் துடைக்கத் தொடங்கினார். குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுத்தார். பிறகு கசாப்புக்காரருக்குச் சொல்லியனுப்பினார். ஏறக்குறைய மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் எந்த நாளும் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன அன்று நானும் வேடிக்கை பார்க்க நின்றேன். போகிற போக்கில் இரண்டு வெள்ளை ஆடுகள் என்னிடம் வந்தன. அவற்றின் மூக்கு என் உள்ளங்கையில் புண்ணாக்கைத் தேடியது. கையை உதறிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அதன் பிறகு நம்பர் யாரிடமும் இரட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. காப்பிக் கடை நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தோம். இல்லை, எல்லோருக்கும் கொஞ்சம் போரடித்தது. சில வாரம் கழித்து, தெற்கே சிரம்பான் போக வேண்டிய அரிசி வேகன் வடக்கே கோலா குபுவில் போய் நின்றது. புத்தகத்தில் ஓர் எண் தவறி இருந்தது. அந்தப் பென்சிலிலிருந்து வந்த முதல் தவறு. துரை அவருக்கு மெமோ அனுப்பினார். அது என் மேசை வழியாகத்தான் போனது. என்னால் அதை அனுப்ப முடியவில்லை. கையிலேயே எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன்.

"அண்ணே, உங்க வெள்ளை ஆடுங்களுக்கு நான்தான் தீனி போட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த எண்ணை அவர் முடித்தார். "எப்போ?"

"கெடா சேக்குறதுக்கு முன்னாடி மூணு வாரம். பின்னாடி மூணு வாரம்."

"என்ன தீனி?"

"புண்ணாக்கும் கொள்ளும். ஆட்டுக்கு ரெண்டு கை."

"யார் கை? உங்க கை பெருசாச்சே."

"என் கைதான்."

"எழுதி வெச்சீங்களா?"

"இல்லண்ணே."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. நான் பார்த்த முதல் கோபம். "ஆறு வாரம் ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க. ஒரு வரி எழுதி வெக்கல. உங்களப் போயி படிச்சவருங்கறாங்க" என்றார். மெமோவை வாங்கி, படிக்காமல் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். நான்கு வேகன் தள்ளிப் போய் நின்றார்.

"கிராணி. சிவப்புக்கு நான் தினம் கஞ்சி வெப்பேனே. கடலை வெப்பேனே. பத்து வருஷமா."

நான் அவர் பக்கம் நடந்தேன்.

"நானும் எழுதி வெக்கல" என்று சொல்லித் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பரிகாரம் தேடி முதலில் காப்பாருக்குப் போய்த் தோப்புக்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஏமாத்துனவர எப்படி நம்புறது? ஏமாந்தவரத்தான் எப்படி நம்புறது?" என்று கேட்டு, ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார். தோப்பு போனது போனதுதான்.

கசாப்புக்காரரிடம் போனேன். எல்லாம் முடிந்துவிட்டது, இரண்டை மட்டும் கிள்ளான் பால்காரர் கேட்டு வாங்கிப் போனார் என்றார். அடுத்த ரயிலில் கிள்ளான் போனேன். பால்காரரின் கொட்டிலில் இரண்டு செம்மறிகள் நின்றன. நம்பர் சாயத்தைத் துடைத்தாரே தவிர நன்றாகத் துடைக்கவில்லை. ஒன்றின் விலாவில் கொஞ்சம் சிவப்பு, மற்றதில் கொஞ்சம் வெள்ளை. பால்காரருக்கு என்னைக் கண்டதும் சங்கடம்.

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன் கிராணி. நீங்க போய் செஞ்சிட்டீங்களே" என்று இரண்டையும் அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்.

வேகனில் ஏற்றி, நானும் கூடவே ஏறி, பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன். நம்பர் வழக்கம்போல வேகன் எண்ணை எழுதினார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஆடு ரெண்டு. கிராணி ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து எனக்குத் தண்டனை தொடங்கியது. இரண்டு ஆட்டுக்கும் தீனியைத் தராசில் நிறுத்து வைத்து, புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டியவன் நான். கெடா வெளியிலிருந்து இரவல். ஓர் ஈற்றுக்குத் தீனி உண்டு. அடுத்த ஈற்றுக்கு வெறும் லாலாங். ஒரு நாள் ஜுரத்தோடு கிடந்தேன். நம்பர் படுக்கைக்கே புத்தகத்தைக் கொண்டுவந்து, "நேத்து கையெழுத்து விட்டுப்போச்சு" என்றார். ஆனால் அன்றைய கஞ்சியும் கையில் இருந்தது. மெஸ்ஸில் நான் என்ன தின்கிறேன் என்பதை அவர் அதுவரை கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு மாலையில் ஆட்டுக்குத் தீனி நிறுத்து முடித்ததும், "இருங்க, சாப்பிட்டுப் போலாம்" என்பார். அவர் சமையல் வாயில் வைக்கக் கூடியதல்ல. கருவாட்டைக் கணக்காக ஆறு துண்டு வெட்டுவார். எண்ணி எனக்கு நான்கு வைப்பார்.

தீனி போட்ட ஈற்றில் இரண்டுமே இரட்டை போட்டன. வெறும் புல் தின்ற ஈற்றில் சிவப்பு இரட்டை போட்டது, வெள்ளை ஒன்று போட்டது. காப்பிக் கடையில் சிலர் அவரிடம் தாமாகவே வந்து முடிவைக் கேட்டார்கள்.

"வர்க்கமும் உண்டு. வயிறும் உண்டு" என்றார். "ரெண்டு ஆட்ட வெச்சுக்கிட்டு இதுக்கு மேல பேசக் கூடாது."

பிறகு, சிவப்பு ஆடு ஈன்ற ஒரு கெடாவை வெள்ளை ஆட்டோடு சேர்த்தார். அதில் பிறந்த பெட்டை வளர்ந்து, வெறும் புல்லைத் தின்று, முதல் ஈற்றிலேயே இரண்டு போட்டது. நம்பர் வெகுநேரம் புத்தகத்தைப் பார்த்தார். எழுந்து போய் அந்தக் கெடாவின் முன் நின்று தொப்பியைக் கழற்றினார். "இத்தன வருசமா உங்கள எல்லாம் வெறும் இஞ்சின்னு நெனச்சிட்டேன்டா" என்றார். அன்று அதன் விலாவிலும் ஓர் எண் ஏறியது.

ஓய்வு பெற்றதும் அவர் ஊருக்குக் கப்பல் ஏறினார். ஆடுகள் பால்காரரிடம் போயின. வழியனுப்பத் துறைமுகத்துக்கு நான் ஒருவன்தான் போனேன். கப்பல் ஏணியில் கால் வைக்கும்போது புத்தகத்தை என் கையில் கொடுத்து, "கையெழுத்து விட்டுப்போன நாள் ரெண்டு இருக்கு. போட்டுருங்க" என்றார். நன்றி, மன்னிப்பு என்ற பேச்செல்லாம் எங்களுக்குள் நடக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அந்த இரண்டு நாளைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். நடுவில் ஒரு தாள் என் பெயரில் இருந்தது. கிள்ளான்காரர் என்னைப் பற்றி விசாரித்த காலத்தில் எழுதியது. பாட்டி, அம்மா, நான், எல்லோருக்கும் நேரே 'ஒத்தை' என்று இருந்தது. என் பெயருக்கு நேரே இருந்ததை மட்டும், பிற்பாடு எப்போதோ, கோடு போட்டு அடித்திருந்தார். பக்கத்தில் அதே பென்சிலால் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்:

'லைனில் குறை இல்லை. ஆரம்பத்தில் தீனி போதாமல் இருந்திருக்கலாம்.'